மார்புப் பூவும் பூப்பசையும்

2023ஆம் ஆண்டு ஆவணி மாதம், நிலக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் பூ விவசாயிகள் வீட்டுப் பெண்களுக்கென்று ஒரு நாள் பயிற்சி நடந்தது. நடத்தியவர்கள் யார் என்பது இங்கே முக்கியமில்லை. வந்தவர் ஒரு சிறிய குழாயை எடுத்தார். பற்பசைக் குழாய் மாதிரி இருந்தது. ஒரு சிவப்பு ரோஜாவின் அடியில் ஒரு பொட்டுப் பசை வைத்தார். ஓர் இலையில் இன்னொரு பொட்டு. சற்று நேரம் பொறுத்து இரண்டையும் அழுத்தினார். பின்னால் ஓர் ஊசியைச் சேர்த்துத் தன் சட்டைப் பையின் மேல் குத்திக்கொண்டார். கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதன் பிறகுதான் விஷயம் வந்தது. நான்கு குழாய் பசை, ரிப்பன், ஊசி, பச்சை நாடா எல்லாம் சேர்ந்த பெட்டி ஒன்று 1,850 ரூபாய். வீட்டில் இருந்தபடியே மாதம் இருபதாயிரம் பார்க்கலாம் என்றார். எங்கள் ஊரில் மட்டும் 14 பெண்கள் வாங்கினார்கள். சிலர் குழுவில் கடன் போட்டு வாங்கினார்கள். ஓராண்டு கழித்து நான் வீடு வீடாக விசாரித்தேன். 11 வீடுகளில் பசை குழாயிலேயே கெட்டியாகிப் போயிருந்தது. ஒரு வீட்டில் மூடியே திறக்கவில்லை. தீர்த்த மூன்று வீடுகளில் என் வீடும் ஒன்று. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

பசையைக் குறை சொல்ல நான் வரவில்லை. அது நல்ல பொருள். ஆனால் மல்லிகை விலை விழுந்தால் இது தூக்கி நிறுத்தும், குப்பைக்குப் போகும் பூவெல்லாம் காசாகும் என்று சொல்வதை நான் ஒப்பவில்லை. நாற்பது மார்புப் பூவுக்கு நாற்பது ரோஜாதான் வேண்டும். அது ஒரு செடி வரிசையில் இரண்டு கைப்பிடி. நிலத்தில் விளைந்த மூட்டைக்கு இதில் விடிவில்லை. இதில் விலை போவது பூ அல்ல, நம் வீட்டுப் பெண்களின் கை. அந்தக் கைக்கு உரிய கூலி வீட்டுக்கு வந்து சேர்கிறதா என்பதே கேள்வி.

இது எங்கிருந்து வந்தது?

கோட்டின் மார்புப் பட்டையில் உள்ள பொத்தான் துளையில் ஒற்றைப் பூவைச் செருகிக்கொள்வது வெள்ளைக்காரர்களின் பழக்கம். அதைப் பட்டன்ஹோல் என்பார்கள். பெண்கள் தோளிலோ மணிக்கட்டிலோ அணியும் சின்னப் பூங்கொத்துக்குக் கார்சேஜ் என்று பெயர். அமெரிக்காவில் பள்ளிப் படிப்பு முடிக்கும் பிள்ளைகள் நடன விருந்துக்குப் போகும்போது, பையன் பெண்ணுக்கு மணிக்கட்டுப் பூ கொண்டு போவது இன்றும் வழக்கம். நமக்கு இது முழுக்கப் புதிதல்ல. பண்டித நேருவின் ஷெர்வானியில் இருந்த ரோஜா மொட்டை நம்மில் பலர் பள்ளிக்கூடப் படத்திலேயே பார்த்திருக்கிறோம். நவம்பர் 14ஆம் தேதி பிள்ளைகள் ரோஜா கேட்டு அழுவதும் அதனால்தான்.

கிறிஸ்தவக் கல்யாணங்களில் கோட்டு போட்ட மாப்பிள்ளைக்கும் தோழர்களுக்கும் மார்புப் பூ உண்டு. இப்போது நம் பக்கத்து வரவேற்பு நிகழ்ச்சிகளிலும் மாப்பிள்ளை கோட்டு போடுகிறார். பள்ளி ஆண்டு விழா, கல்லூரி விழா, வங்கிக் கிளைத் திறப்பு என்று எங்கே போனாலும் விருந்தினர் மார்பில் ஏதோ ஒன்றைக் குத்துகிறார்கள். பெரும்பாலும் அது பிளாஸ்டிக் பூவும் ஜரிகை ரிப்பனும்தான். பூ விளையும் ஊரில், பூச்சந்தைக்கு மூன்று கிலோமீட்டர் தூரத்தில் உள்ள பள்ளிக்கூடத்திலேயே விருந்தினருக்குப் பிளாஸ்டிக் ரோஜா குத்தியதை நான் கண்ணால் பார்த்தேன். அன்று சந்தையில் ரோஜாவைக் கேட்பார் இல்லை.

முன்பெல்லாம் இந்த மார்புப் பூவைக் கம்பி செருகி, நாடா சுற்றித்தான் செய்தார்கள். அதற்குக் கை பழக வேண்டும். கம்பி பட்டு மென்மையான பூ கிழியும். சூடு இல்லாமல் ஒட்டும் பூப்பசை வந்த பிறகு கம்பி வேலை பாதி குறைந்துவிட்டது. காய்ந்தபின் தண்ணீர் பட்டாலும் விடாது, இதழைக் கருக்காது. நகரத்துப் பூ அலங்காரக்காரர்கள் இதைக் கேட்டு வாங்குவது அதனால்தான்.

முதல் ஆர்டரில் போன மானம்

2024 ஜனவரி கடைசியில் ஒரு தேவாலயக் கல்யாணத்துக்கு 40 மார்புப் பூ கேட்டார்கள். எங்களிடம் பட்டன் ரோஸ் அரைக் குழி அளவுக்கு இருக்கிறது. பெயரே பட்டன் ரோஸ், இதற்கென்றே பிறந்த பூ என்று எனக்குப் பெருமை. விடியற்காலை பனியோடு பறித்தோம். பறித்த சூட்டிலேயே என் மனைவியும் மருமகளும் உட்கார்ந்து ஒட்டினார்கள். ஈரத்துணி போர்த்திப் பெட்டியில் அடுக்கி, பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நானும் கோயில் வாசலில் நின்றேன்.

பூசை முடிந்து வெளியே வருவதற்குள் 17 பூ விழுந்துவிட்டது. மாப்பிள்ளைத் தோழன் ஒருவர் மார்பில் இலை மட்டும் இருந்தது. பெண்ணின் தகப்பனார் பெரிய மனிதர், ஒன்றும் சொல்லவில்லை. பேசின பணத்தைக் கொடுத்துவிட்டார். அது இன்னும் சுட்டது. வீட்டில் வந்து சொன்னதும் மனைவி கேட்டாள்: "ஏங்க, வாழைநாரா இருந்தா இப்படி மானத்தை வாங்கியிருக்குமா?"

என் தங்கை மகன் பெங்களூரில் ஒரு பூ அலங்காரக் கடையில் வேலை பார்க்கிறான். போன் போட்டேன். "மாமா, தப்பு பசையில இல்ல. பூ மேல ஈரம் இருந்திருக்கும். அப்புறம், தடவுன உடனே ஒட்டியிருப்பீங்க" என்றான். இரண்டும் உண்மை. ஒரு நாள் பயிற்சியில் கை தட்டியவர்களில் ஒருவருக்காவது இதைச் சொல்லியிருந்தால் என் மானம் பிழைத்திருக்கும்.

அவன் சொன்னதையும், பிறகு நாங்களே கெடுத்துக் கற்றுக்கொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். பூவுக்கு உள்ளே தண்ணீர் வேண்டும். வெளியே ஈரம் கூடாது. பசை பூவுக்குத் தண்ணீர் கொடுக்காது. காம்பை வெட்டி ஒட்டிவிட்டால், அதுவரை பூ குடித்து வைத்திருப்பதுதான் அதன் ஆயுள். ஆகவே மண்டிக்குப் பறிப்பதுபோல் ரோஜாவைக் கையால் கிள்ளாதீர்கள். இரண்டு அங்குலக் காம்போடு கத்தரியால் வெட்டி, சுத்தமான வாளித் தண்ணீரில் காம்பு மட்டும் முழுகும்படி நிழலில் மூன்று நான்கு மணி நேரம் வையுங்கள். முதல் நாள் மாலையே பறித்து இரவெல்லாம் தண்ணீரில் வைத்தால் இன்னும் நல்லது. இதழில் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் நம் பெண்களுக்கு உண்டு. இந்த வேலைக்கு அது ஆகாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்த பூவை எடுத்த சூட்டில் ஒட்டவும் கூடாது. வெளிக்காற்று பட்டதும் அதன்மேல் வியர்த்துவிடும். வியர்வை அடங்கும்வரை அது வெளியே கிடக்கட்டும்.

ஒட்டுகிற நேரத்தில் காம்பை அரை அங்குலமாக நறுக்கி, வெட்டுவாயைத் துணியால் ஒற்றி எடுங்கள். ஒரு பொட்டு பசை பூவின் புல்லி இதழ் அடியில். இன்னொரு பொட்டு இலையில். இரண்டையும் தனித்தனியே வைத்துவிட்டு அடுத்த பூவுக்குப் போங்கள். அரை நிமிடம், ஒரு நிமிடம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் பிசுபிசுவென்று விரலைப் பிடிக்கும். அப்போது அழுத்த வேண்டும். பொறுமை இல்லாமல் அழுத்தினால் வழுக்கும். மறந்து வெகுநேரம் விட்டால் தோல் கட்டிவிடும், பிறகு ஒட்டாது. பத்துப் பூவை வரிசையாக வைத்துக்கொண்டு, கடைசிப் பூவுக்குப் பொட்டு வைத்து முடித்ததும் முதல் பூவை அழுத்துவது எங்கள் வீட்டில் படிந்துபோன முறை. மருமகள்தான் கண்டுபிடித்தாள்.

நிறையப் பசை வைத்தால் நிறைய ஒட்டும் என்று நினைப்பது பெரும் தவறு. உளுந்து அளவு போதும். கூடினால் நூல் நூலாக இழுத்து இதழில் படிந்து, மார்புப் பூ சிலந்தி வலைபோல் ஆகிவிடும். ரோஜாவுக்கு இன்னொரு உபாயமும் உண்டு. வெளி இதழ்கள் புல்லியைச் சந்திக்கும் இடத்தில் ஒரு சிறு பொட்டு விட்டால், பூ விரிந்தாலும் இதழ் எளிதில் உதிராது. அதற்காக மலர்ந்து முடிந்த பூவை எடுத்துக் கொள்ளாதீர்கள். பாதி விரிந்ததே சரி.

கையில் இருக்கிற வேறு பசை ஆகாதா என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் எல்லாவற்றையும் சோதித்துவிட்டார்கள். தச்சர் வைத்திருக்கும் வெள்ளைப் பசை காய்வதற்குள் பூ வாடிவிடும், ஈரம் பட்டால் இளகும். சட்டென்று ஒட்டும் சிறு குப்பிப் பசை இதழைக் கருக்கி விறைக்கச் செய்யும். விரலையும் சேர்த்து ஒட்டிவிடும். துப்பாக்கி மாதிரிச் சாதனத்தில் உருகி வரும் சூட்டுப் பசை நூறு டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. ரிப்பனையும் அட்டையையும் ஒட்ட அது நல்லது. பூவில் வைத்தால் வெந்த கீரைதான்.

ஓர் எச்சரிக்கை. பூப்பசையில் ஆவியாகும் திரவம் கலந்திருக்கிறது. அந்த ஆவி தீப்பிடிக்கும், தலையும் சுற்றும். அடுப்படியில், சாமி விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இந்த வேலை செய்யாதீர்கள். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டும் வேண்டாம். திண்ணையோ, சன்னல் திறந்த அறையோ சரி. பொட்டு வைத்ததும் மூடியைப் போட வேண்டும். அந்த 11 வீட்டுக் குழாய்களில் திறந்தவை பெரும்பாலும் மூடியைச் சரியாகப் போடாமல் கெட்டவை.

எந்தப் பூ நிற்கும்?

எங்கள் பக்கம் எல்லோருக்கும் முதலில் மல்லிதான் நினைவுக்கு வரும். மதுரை மல்லிக்கு 2013ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, அதை வைத்து மார்புப் பூ செய்தால் யாருக்குத்தான் பிடிக்காது? நாங்களும் செய்தோம். மாலையில் மொட்டு விரிந்ததும் பூ புல்லியிலிருந்து கழன்று கீழே விழுந்தது. நாங்கள் பசை போட்டு ஒட்டிய புல்லி மட்டும் இலையில் பத்திரமாக இருந்தது. மல்லியின் இயல்பே அது. காலையில் மல்லிச் செடியடியில் பார்த்தால் தெரியுமே, பூ விழுந்திருக்கும், பச்சைப் புல்லி செடியில் நிற்கும்.

மனைவி சொன்ன வாழைநார் இங்கேதான் கை கொடுத்தது. எட்டோ பத்தோ மொட்டுகளை வழக்கம்போல் நாரில் நெருக்கமாகத் தொடுத்து, சின்னச் சுருளாக வளைத்து, நாரின் அடிப்பகுதியை மட்டும் இலையில் பசை போட்டு ஒட்டினோம். மொட்டு நார் முடிச்சில் நின்றது. நார் பசையில் நின்றது. நடுவில் ஒரு பட்டன் ரோஸ். இதை நகரத்துக் கடைக்காரர் செய்ய மாட்டார், அவருக்குத் தொடுக்கிற கை இல்லை. நம் பெண்கள் பேசிக்கொண்டே, பார்க்காமலே தொடுப்பார்கள். அந்தக் கை வேலையைத்தான் விலைக்குக் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

நிலச்சம்பங்கி இதற்கு மிக ஏற்றது. இதழ் மெழுகுபோல் தடிமன். ஒற்றை அடுக்கில் பிரஜ்வல் என்ற ரகம் மொட்டில் இளஞ்சிவப்புச் சாயல் காட்டும். இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டது. உதிரிப்பூவாகப் பறித்துக் கூடையில் போடாமல், கதிரோடு வெட்டித் தண்ணீரில் நிறுத்தி, ஒட்டும் நேரத்தில் பூவைக் கிள்ளினால் போதும்.

வாடாமல்லி இருக்கிறதே, அதற்கு ஈடு இல்லை. பெயருக்கேற்ற பூ. அதற்கு ஈரமே கிடையாது, பசை பட்டதும் பிடிக்கும், இரண்டு நாள் ஆனாலும் நிறம் மாறாது. வரப்போரத்தில் சும்மா கிடக்கிற பூ. ரோஜாவுக்குத் துணைப் பூவாக மூன்று வாடாமல்லி வைத்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும், ரோஜா சற்று வாடினாலும் தெரியாது. வாசனைக்கு மரிக்கொழுந்து ஒரு துளிர்.

எருக்கம்பூவும் மெழுகுப் பூதான். தாய்லாந்திலும் ஹவாய்த் தீவுகளிலும் அதை மாலை தொடுத்துப் போற்றுகிறார்கள். நாம் பிள்ளையாரோடு நிறுத்திக்கொண்டோம். பறித்ததும் பால் வடியும். பால் நின்று காய்ந்த பிறகே பசை ஒட்டும். அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. அரளி நச்சுச் செடி. தோவாளையில் அரளிப் பூவை மடித்து மாணிக்கமாலை கட்டுகிறார்களே, 2025ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது, அது தலைமுறை தலைமுறையாகப் பழகிய கை. குழந்தைகள் விழாவுக்குச் செய்யும் மார்புப் பூவில் இவை இரண்டையும் நான் சேர்ப்பதில்லை.

இலை காய்ந்ததாக, தூசு இல்லாததாக, மயிர் இல்லாததாக இருக்க வேண்டும். குரோட்டன்ஸ் இலை நன்றாகப் பிடிக்கிறது. பின்புறம் ஊசிக்கு ஒரு சிறு அட்டைத் துண்டு ஒட்டுகிறோம். நகரங்களில் ஊசிக்குப் பதில் காந்தம் வைக்கிறார்கள், துணியில் துளை விழாது என்பதற்காக. இருதயத்தில் பேஸ்மேக்கர் கருவி வைத்திருப்பவர் மார்பில் காந்தம் வைக்கவே கூடாது. விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினர்கள் வயதானவர்கள். ஊசியே நமக்குப் போதும்.

நோட்டுப் புத்தகத்தில் கண்ட கணக்கு

மாதம் இருபதாயிரம் என்றார்களே, என் நோட்டில் உள்ளதைச் சொல்கிறேன். அந்த முதல் ஆர்டர் 40 பூ, ஒன்று 20 ரூபாய், மொத்தம் 800. ரிப்பன், ஊசி, அட்டை 150. பசையின் பங்கு 90. பெட்டியும் பஸ்ஸும் 110. ஆக 350 போக மீதி 450. பறித்துப் பொறுக்க ஒரு மணி நேரம். இரண்டு பெண்கள் மும்மூன்று மணி நேரம். நான் கொண்டுபோய்க் கொடுத்துத் திரும்ப நான்கு மணி நேரம். மொத்தம் 11 மணி. மணிக்கு 41 ரூபாய்கூட முழுதாக வரவில்லை. எங்கள் ஊரில் களையெடுக்கப் போனால் இதைவிடக் கூடுதல். ரோஜாவுக்கு நான் விலையே போடவில்லை என்பதையும் கவனியுங்கள்.

நாங்கள் கூலியைக் கணக்கில் எழுதாமல் விட்டிருந்தால், 450 ரூபாய் லாபம் என்று சந்தோஷப்பட்டிருப்போம். வீட்டுப் பெண்களின் உழைப்பை இலவசம் என்று வைத்துக்கொண்டுதான் நம்மில் பலர் விவசாயத்திலேயே லாபக் கணக்கு போடுகிறோம். கறவை மாட்டுக் கணக்கும் அப்படித்தான். அது கிடக்கட்டும்.

அடுத்து நடந்தது இன்னும் சங்கடம். கல்யாண மண்டபத்தில் அலங்காரம் எடுக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவர், மாதம் எத்தனை கொடுத்தாலும் எடுத்துக்கொள்கிறேன், பூவுக்கு 15 ரூபாய் என்றார். மூன்று முறை கொடுத்தோம். கடைசித் தடவை பணம் வர இரண்டு மாதம் ஆயிற்று. அந்தக் கல்யாண வீட்டார் எங்களுக்குத் தெரிந்தவர்கள். பேச்சுவாக்கில் கேட்டேன். அவர்கள் கொடுத்த ரசீதில் மார்புப் பூ ஒன்று 120 ரூபாய். அவருக்கும் ஆள், வண்டி, முன்பணம் என்று செலவு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் 15க்கும் 120க்கும் நடுவில் இருப்பது என்ன? மண்டியில் எடை போடும்போது கேட்க வேண்டிய அதே கேள்விதான். பூவை ஒட்டினாலும் கேள்வி மாறவில்லை.

அமெரிக்காவில் 1908ஆம் ஆண்டு அன்னா ஜார்விஸ் என்ற அம்மையார் தன் தாயின் நினைவாக 500 வெள்ளைக் கார்னேஷன் பூக்களை ஒரு தேவாலயத்துக்கு அனுப்பினார். அதிலிருந்து அன்னையர் தினத்தில் மார்பில் கார்னேஷன் அணியும் வழக்கம் பரவியது. சில ஆண்டுகளிலேயே பூ வியாபாரிகள் அந்த நாளை வைத்து விலையை ஏற்ற, அவர் தான் தொடங்கிய நாளையே எதிர்த்துப் போராட வேண்டியதாயிற்று. மார்புப் பூவில் காசு எங்கே போய்ச் சேரும் என்பது அன்றைக்கே தெரிந்த கதை.

ஒப்பந்தக்காரரை விட்டோம். எங்கள் தெருவில் மூன்று வீடுகள் சேர்ந்தோம். ஆர்டர் ஒரே முகூர்த்த நாளில் இரண்டு வந்தால் ஒரே ஆள் இரண்டையும் கொண்டுபோவது என்று வைத்தோம். விலை 35 ரூபாய், பாதி முன்பணம். 2024 வைகாசியில் ஒரே நாளில் 60 பூ கொடுத்தோம். 2,100 ரூபாய் வந்தது. எல்லாச் செலவும் 620. மீதி 1,480. எல்லோருடைய நேரமும் சேர்த்து 16 மணி. மணிக்கு 92 ரூபாய். இப்போது களையெடுப்பைவிட மேல். மூன்று வீட்டுப் பெண்களும் தங்கள் மணிக்கணக்குப்படி அன்று சாயங்காலமே பணத்தைப் பிரித்துக்கொண்டார்கள். எனக்கு வந்தது கொண்டுபோன கூலி மட்டும். பக்கத்து வீட்டு மதினி, "அண்ணே, பூவுக்கு வெல போடலையே" என்று ரோஜாவுக்கும் மார்புப் பூ ஒன்றுக்கு இரண்டு ரூபாய் வீதம் எழுதச் சொன்னாள். அடுத்த கணக்கிலிருந்து எழுதுகிறோம்.

ஆனால் மாதா மாதம் இப்படி வரவில்லை. ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை. தேவாலயக் கல்யாணங்கள் தவக்காலத்தில் நின்றுவிடும். பள்ளி ஆண்டு விழாக்கள் தை, மாசியில் நெருக்கமாக வரும். ஓர் ஆண்டு முழுவதும் எங்களுக்கு ஒன்பது ஆர்டர்தான் கிடைத்தது. அதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட நான் விரும்பவில்லை. 14 வீடும் இறங்கியிருந்தால் ஒரு வீட்டுக்கு ஓர் ஆர்டர்கூட வந்திருக்காது. பயிற்சி நடத்தியவர் 14 பெட்டி விற்றார். எங்கள் வட்டாரத்தில் 14 வீட்டுக்கு மார்புப் பூ கேட்பார் உண்டா என்று அவர் பார்க்கவே இல்லை.

ஆகவே உழவர் பெருமக்களே, யாராவது பெட்டி கொண்டுவந்தால் வாங்க வேண்டாம். ஒரே ஒரு குழாய், அதுவும் மூன்று நான்கு வீடு சேர்ந்து, கையில் ஓர் ஆர்டரின் முன்பணம் இருக்கும்போது வாங்குங்கள். அதற்கு முன்னால் பத்துப் பூவை ஒட்டி, உங்கள் சட்டையில் குத்திக்கொண்டு ஒரு நாள் முழுக்க வயலுக்கும் டீக்கடைக்கும் போய் வாருங்கள். சாயங்காலம் எத்தனை நிற்கிறதோ அதுதான் உங்கள் தேர்ச்சி. ஊர் சிரிக்கும். எங்களைப் பார்த்தும் சிரித்தது. ஆனால் கோயில் வாசலில் சிரிப்பதைவிட இது தாழ்வில்லை.

தோட்டக்கலைத் துறைக்கும், பயிற்சி நடத்தும் தொண்டு நிறுவனங்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஒட்டக் கற்றுக்கொடுக்க அரை நாள் போதும். மீதி அரை நாளில் கூலிக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுங்கள், ஆர்டர் கேட்டுப் போவது எப்படி என்று சொல்லுங்கள். பயிற்சி தருபவரே பொருளையும் விற்பது என்ற ஏற்பாடு கூடாது. தலைமையாசிரியர்களுக்கு: விருந்தினர் மார்பில் குத்தும் பூவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வாங்க உங்களுக்கு எந்த உத்தரவும் தேவையில்லை. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து பிளாஸ்டிக் தட்டு, பிளாஸ்டிக் கப் எல்லாம் தமிழ்நாட்டில் தடையாகிவிட்டன. விழா மேடையில் மட்டும் பிளாஸ்டிக் ரோஜா எதற்கு?

இதை நான் நேரில் ஒரு பள்ளியில் கேட்டேன். தலைமையாசிரியை சற்று யோசித்து, நவம்பர் 14க்கு 25 பூ கொடுங்கள், ஊசி பிள்ளைகளைக் குத்தாமல் இருக்க வேண்டும் என்றார். ரப்பர் நாடாவில் இலையை ஒட்டி, அதன்மேல் பூவை ஒட்டி, மணிக்கட்டில் மாட்டும்படி செய்து கொடுத்தோம். ஒரு பட்டன் ரோஸ், இரண்டு வாடாமல்லி. அன்று மாலை வரை கையை விட்டுக் கழற்ற மாட்டேன் என்று ஒரு பிள்ளை அடம் பிடித்ததாகச் சொன்னார்கள். மறுநாள் வேறொரு பள்ளியிலிருந்து 200 பூ கேட்டு ஆள் வந்தது, மூன்று நாள் அவகாசத்தில். மனைவியிடம் கேட்டேன். மூன்று வீட்டிலும் சேர்த்து ஐந்து பெண்கள், அதில் இரண்டு பேருக்கு அந்த வாரம் நடவு வேலை. 80தான் முடியும் என்றாள். 80 என்றே ஒப்புக்கொண்டு முன்பணம் வாங்கினேன்.